பாதியில் நிறுத்திய அறுவை

கெடாவின் சிடாம் கிரி பக்கத்து ஒட்டுக்கடைகளில் அரசியலும் செம்பனை விலையும் பேசி முடிந்த பிறகு, இப்போதெல்லாம் வயிற்றுக்குப் பேச்சு திரும்புகிறது. “மச்சான் சிலீவ் பண்ணிட்டாருண்ணே, ஆளே பாதியாயிட்டாரு” என்பார் ஒருவர். “சிலீவெல்லாம் வேணாம்பா, பைபாஸ்தான் சரி. இனிப்புநீரே போயிடுதாம்” என்று இன்னொருவர் வெட்டுவார். சொல்கிறவர்கள் முன்னால் ரொட்டி சானாயும், கெட்டிப்பால் தாராளமாக ஊற்றிய தே தாரிக்கும் இருக்கும். நானும் அதே மேசையில் அதையே குடித்துக்கொண்டுதான் கேட்பேன்.

இரண்டும் எடைக்குறைப்பு அறுவைகள். சிலீவில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை நெடுக்காக வெட்டி முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய். குடலை யாரும் தொடுவதில்லை. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் மட்டும் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே தள்ளி நேராக இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியையும் குடலின் முதல் பகுதியையும் பார்க்காமலே போகும். இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது சிலீவ்தான். ஆனால், இதை ஒரு தனிச் சிகிச்சையாக யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. வேறொரு பெரிய அறுவையின் முதல் பாதியாக இருந்தது இது. பயந்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள்; நிறுத்திய இடத்திலேயே அது நிலைத்துவிட்டது.

அந்தக் கதைக்கு முன்னால், இது ஏன் நம் ஊர்ப் பேச்சாயிற்று என்பதைச் சொல்லவேண்டும். கெடா தோட்டங்களின் பழைய வயிற்றுக் கதை பசிக் கதை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கில் உயிர்பிடித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன ஆட்களில் பலர் திரும்பவே இல்லை. போர் முடிந்த கையோடு, 1946-47இல், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடைகளை மறித்தார். தொழிலாளியின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதற்காக இந்த மண்ணில் அடிதடியே நடந்திருக்கிறது. விடியும் முன்னே எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக நடந்து பால்வெட்டிய உடம்புகள் அவை. கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிள்ளைகள் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். நடை போயிற்று, தட்டில் சோறு மட்டும் அப்படியே இருந்தது, கூடவே இனிப்பும் எண்ணெயும் ஏறியது.

2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள் என்று தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னால். இனிப்புநீரிலும் அதே கதை. எதில் எதிலெல்லாமோ பின்தங்கியிருக்கும் சமூகம் இதில் மட்டும் முதலிடம்.

இதற்கு ருசி மட்டும் காரணமில்லை. 2004இல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் புனேயின் யாக்னிக், மற்றவர் லண்டனின் யூட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பிஎம்ஐ ஒன்றுதான்: 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2. பார்வைக்கு ஒல்லியாக இருந்துகொண்டே உள்ளே கொழுப்பைச் சேர்ப்பது நம் உடல்வாகு. மலேசியாவின் மருத்துவ வழிகாட்டி பிஎம்ஐ 23இலேயே எச்சரிக்கை மணி அடிப்பதும், 27.5ஐ உடல்பருமன் என்பதும் இதனால்தான். அறுவைக்கும் இதே கணக்கு வந்திருக்கிறது. 1991இல் அமெரிக்கா வகுத்த வரம்பு பிஎம்ஐ 40, கூடவே நோய் இருந்தால் 35. 2022இல் சர்வதேசச் சங்கங்கள் அதைத் திருத்தியபோது, ஆசியர்களுக்கு 27.5 தாண்டினாலே அறுவையைப் பற்றி யோசிக்கலாம் என்று இறக்கிவிட்டன.

இனி அறுவையின் கதை. அது நாய்களில் தொடங்குகிறது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமென், லின்னர் என்ற அறுவை மருத்துவர்கள், சிறுகுடலில் எந்தப் பகுதி இல்லாமல் உயிர் வாழ முடியாது என்று நாய்களை வைத்து ஆராய்ந்தார்கள். குடலைக் குறுக்கினால் எடை இறங்குவதைப் பார்த்து, 1954இல் ஒரு நோயாளிக்குச் செய்ததையும் வெளியிட்டார்கள். ஆறு மீட்டர் அளவுள்ள சிறுகுடலில் பெரும்பகுதியைச் சாப்பாட்டின் வழியிலிருந்து விலக்கிவிடுவதுதான் உத்தி. லாஸ் ஏஞ்சல்ஸில் பெயின், டிவிண்ட் இருவரும் 1969இல் இதற்கு ஓர் அளவு வைத்தார்கள்: முன்குடலில் 14 அங்குலம், கடைக்குடலில் 4 அங்குலம். மொத்தம் 18 அங்குலத்தில் ஒரு மனிதன் சாப்பிட்டதெல்லாம் செரிக்கவேண்டும்.

எடை இறங்கியது. கூடவே மனிதனும் இறங்கினான். ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, சிலருக்கு ஈரல் செயலிழந்து மரணம். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்த பிறகுதான் கைவிட்டார்கள். பலருக்கு மறுபடியும் வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி சேர்க்கவேண்டி வந்தது. எடைக்குறைப்பு அறுவை என்றதும் நம் ஆட்கள் முகத்தில் தெரியும் பயத்துக்கு இந்தக் காலம் விட்டுச்சென்ற கெட்ட பெயரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வர்ட் மேசன் வேறு பக்கம் பார்த்தார். அவர் காலத்தில் குடற்புண்ணுக்கு இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது வழக்கமான சிகிச்சை. வியன்னாவில் பில்ரோத் 1881இல் வெற்றிகரமாகச் செய்துகாட்டிய இரைப்பை அறுவையின் வழித்தோன்றல் அது. அந்த அறுவை செய்துகொண்ட பெண்கள் எடை கூட முடியாமல் திண்டாடுவதை மேசன் கவனித்தார். புண் மருத்துவருக்கு அது பக்கவிளைவு. மேசனுக்கோ அதுவே மருந்தாகத் தெரிந்தது. 1966இல் முதல் பைபாஸைச் செய்தார். மறு ஆண்டு ஜப்பானியரான சிகாஷி இட்டோவோடு சேர்ந்து வெளியிட்டார். மேசன் முறையில் பித்தநீர் மேலே ஏறித் தொல்லை கொடுத்ததால், 1977இல் கெண்டக்கியின் கிரிஃபின், சுவிட்சர்லாந்தின் சேசர் ரூ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்துவைத்த குடல் இணைப்பைக் கொண்டுவந்து பொருத்தினார். இன்று ‘ரூ-என்-ஒய்’ என்று மருத்துவர் சொல்லும் பைபாஸ் அதுதான். மேசன் நூறு வயது வாழ்ந்து 2020இல் மறைந்தார். தன் பிள்ளை வளர்ந்து உலகம் சுற்றியதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவர்.

நடுவில் பட்டை வந்தது. இரைப்பையின் மேல்முனையில் சிலிக்கோன் பட்டையைக் கட்டி, உப்புநீர் ஏற்றி இறுக்குவதும் தளர்த்துவதும். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை என்பதால் பத்துப் பதினைந்து ஆண்டு உலகமே அதன் பின்னால் ஓடியது. பிறகு பட்டை வழுக்கியது, அரித்தது, எடை திரும்ப ஏறியது. போட்ட மருத்துவர்களே கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சிலீவுக்குத் தாய், இத்தாலியின் ஜெனோவாவில் நிக்கோலா ஸ்கோபினாரோ 1970களின் பின்பகுதியில் உருவாக்கிய அறுவை. இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு, பித்தநீரும் கணையநீரும் சாப்பாட்டோடு கடைசி அரை மீட்டரில் மட்டும் சந்திக்கும்படி குடலைத் திருப்பிவிடுவது. எடையைக் குறைப்பதில் இதற்கு நிகரில்லை. சத்துக்குறைவைக் கொண்டுவருவதிலும் நிகரில்லை. 1988இல் ஒஹாயோவில் டக் ஹெஸ் இதை மாற்றினார். கனடாவின் கியூபெக்கில் மார்சோவும் அதே வழியில் போனார். இரைப்பையின் கீழ்வாயைக் காப்பாற்றிவிட்டு, வெளிப்பக்கத்தை நெடுக்காக வெட்டி, குடல் திருப்பத்தை அதற்குக் கீழே வைத்தார்கள். ‘டியோடினல் ஸ்விட்ச்’ என்று பெயர். இதில் நெடுக்காக வெட்டும் அந்த முதல் வேலைதான் பின்னாளைய சிலீவ். அப்போது அதற்குத் தனி மரியாதை கிடையாது. அமிலச் சுரப்பைக் குறைத்து, கீழே போடும் ஒட்டில் புண் வராமல் காப்பது, ஓரளவு சாப்பாட்டைக் குறைப்பது; இவ்வளவுதான் அதன் பணி. சமையலுக்கு முன் காய் நறுக்குவதைத் தனிப் பதார்த்தமென்று யாரும் சொல்வதில்லை.

நெடுக்காக வெட்டி அந்த நீளத்தை மூடுவது கையால் தைத்தால் மணிக்கணக்கில் இழுக்கும். ஸ்டேப்ளர்தான் அதை நிமிட வேலையாக்கியது. அந்தக் கருவியின் மூதாதை புடாபெஸ்டில் 1908இல் ஹுமெர் ஹுல்ட்ல் செய்துபார்த்தது: மூன்றரைக் கிலோவுக்கு மேல் கனம், பொருத்தி எடுக்கவே இரண்டு மணி நேரம். சோவியத் நாட்டில் அதை வளர்த்தார்கள். 1958இல் அங்கே போன அமெரிக்கர் மார்க் ராவிட்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப, பிறகு அது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மெலிந்தது. இன்னொரு பக்கம் லேப்ராஸ்கோப். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூ சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். 1993இல் கலிஃபோர்னியாவில் விட்குரோவ், கிளார்க் இருவரும் அதே வழியில் பைபாஸையும் செய்துகாட்டினார்கள். பருத்த உடம்பில் பெரிய கிழிசல் எளிதில் ஆறாது, சீழ்கட்டும், பிதுங்கும். துளை வழி வந்ததும் பாதிப் பயம் போய்விட்டது.

நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் இருந்த கியூபெக்காரர் மிஷேல் காக்னே, 1999இல் டியோடினல் ஸ்விட்ச்சையே துளை வழியாகச் செய்யத் துணிந்தார். எல்லா எடைக்குறைப்பு அறுவைகளிலும் கடினமானது அது. மறு ஆண்டு முதல் 40 பேரின் முடிவுகள் வெளிவந்தன. ஒருவர் இறந்திருந்தார். பிஎம்ஐ 65ஐத் தாண்டியவர்களுக்குச் சிக்கல்கள் வரிசைகட்டின. சாதாரண ஆளின் மூன்று மடங்கு எடையுள்ளவர்களை நினைத்துப்பாருங்கள். மயக்கத்தில் நேரம் நீள நீள நுரையீரலும் இதயமும் தாங்காது. கொழுப்பேறி வீங்கிய ஈரல் கருவியை உள்ளே விடாது. அறுவை தேவைப்படுகிறவருக்கே அறுவை ஆகாது என்ற முட்டுச்சந்து.

அதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. இப்படிப்பட்டவர்களுக்கு முதல் பாதியை, அதாவது இரைப்பையை நெடுக்காக வெட்டுவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது. கொஞ்சம் எடை இறங்கட்டும், ஈரல் சுருங்கட்டும், சில மாதம் கழித்துக் குடல் வேலையை முடிக்கலாம். 2003இல் காக்னேயின் குழு, அப்படி இரண்டு தவணையாகச் செய்த ஏழு பேரைப் பற்றி எழுதியது. அவர்களுக்கு இரண்டாம் தவணையாக ஸ்விட்ச்சுக்குப் பதில் பைபாஸ் செய்திருந்தார்கள். முதல் தவணைக்குப் பிறகு சராசரி பிஎம்ஐ 63இலிருந்து 50க்கு இறங்கியிருந்தது, பதினோரு மாதத்தில்.

இரண்டாம் தவணைக்கு நாள் குறித்துக் காத்திருந்தபோதுதான் எதிர்பாராதது நடந்தது. முதல் பாதி முடிந்தவர்களில் பலர் மறுபாதி வேண்டாம் என்றார்கள். இறங்கிய எடையே போதும், பசி முன்னைப்போல் எடுக்கவில்லை, இன்னொரு அறுவை எதற்கு? மருத்துவ வரலாற்றில் நோயாளிகள் ‘போதும் டாக்டர்’ என்று சொன்னதால் ஒரு சிகிச்சை பிறந்ததாக எனக்குத் தெரிந்து வேறு உதாரணம் அரிது. சில ஆண்டுகளிலேயே பருமன் குறைந்தவர்களுக்கும் சிலீவை மட்டும் தனியாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். குடல் ஒட்டு இல்லாததால் இளம் மருத்துவர்கள் விரைவில் கற்றார்கள். அறுவை அறையில் நேரமும் குறைவு. பட்டை விட்டுச்சென்ற இடத்தில் சிலீவ் வந்து அமர்ந்தது.

பசி ஏன் அடங்கியது என்பதற்கு விளக்கம் தேடினார்கள். ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் 1999இல் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்திருந்தார்கள். காக்னே முதல் ஸ்விட்ச் செய்த அதே ஆண்டு. பசியைத் தூண்டும் இந்தச் சுரப்பு, இரைப்பையின் மேல்பக்கம் குவிந்த பகுதியில் அதிகம் ஊறுகிறது. சிலீவ் வெட்டி எறிவது அந்தப் பகுதியைத்தான். அழகான விளக்கம். ஆனால் 2013இல் கிரெலினே இல்லாத எலிகளுக்குச் சிலீவ் செய்தபோதும் எடை இறங்கியது. பித்த அமிலங்கள், குடலிலிருந்து கிளம்பும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன், குடல் கிருமிகள் என்று கூட்டாளிகள் நீள்கிறார்கள். வாரம் ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்றைய எடைக்குறைப்பு மருந்துகள் பின்பற்றுவதும் அந்த ஜிஎல்பி-1இன் வேலையையே. சிறிய பையில் குறைவாகப் போட்டால் இளைப்போம் என்ற பழைய கணக்கு எப்போதோ உடைந்துவிட்டது.

அதை முதலில் உடைத்தது பைபாஸ்தான். 1995இல் வட கரோலினாவின் வால்டர் போரீஸ், பைபாஸ் செய்த 608 பேரின் கணக்கை வெளியிட்டார். இனிப்புநீர் இருந்தவர்களில் 83 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை அளவு சரியாகிவிட்டிருந்தது. எடை இறங்குவதற்கு முன்பே, சில நாள்களிலேயே. கட்டுரைத் தலைப்பே ‘யார் நினைத்திருப்பார்கள்?’ என்ற வியப்போடு தொடங்குகிறது. ஒட்டுக்கடைப் பேச்சுக்கு ஆதாரம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் ‘போயிடுதாம்’ என்பது அதிகம். கிளீவ்லாந்தில் 150 பேரை வைத்து நடந்த சோதனையில், ஐந்து ஆண்டு கழித்து, சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6க்குள் நின்றவர்கள் பைபாஸில் 29 விழுக்காடு, சிலீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. போன இனிப்புநீர் பலருக்குத் திரும்பியும் வருகிறது.

எடையில் எது மேல்? ஃபின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குச் சிலீவும் மீதிப் பேருக்குப் பைபாஸும் செய்து பத்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். கூடுதலாக இருந்த எடையில் சிலீவ்காரர்கள் 43.5 விழுக்காடு இழந்திருந்தார்கள், பைபாஸ்காரர்கள் 50.7. வித்தியாசம் உண்டு, ஆனால் ஊர் பேசுகிற அளவுக்கு இல்லை. பெரிய வித்தியாசம் நெஞ்சில் இருந்தது: சிலீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கு அமிலம் ஏறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது. பைபாஸில் அது 7 விழுக்காடு. குறுகிய குழாயில் அழுத்தம் அதிகம். மேலே தள்ளத்தான் செய்யும். பைபாஸுக்கும் தன் பங்குக்குத் தொல்லைகள் உண்டு. உள்ளே திருப்பிவிட்ட குடல் மடிப்புக்குள் சிக்கலாம், ஒட்டில் புண் வரலாம், இரும்புச்சத்தும் பி12உம் குறையும். இனிப்பு சாப்பிட்டால் பலருக்குப் படபடத்து வியர்த்து மயக்கம் வரும். கெட்டிப்பால் தே தாரிக் மேலே அவர்களுக்குத் தானாகவே வெறுப்பு வந்துவிடும். மதுவும் சட்டென்று ஏறும். இதை நம் ஊரில் யாரும் எடுத்துச்சொல்வதில்லை.

ஆசியாவில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். பைபாஸ் செய்தால் ஒதுக்கிவிட்ட இரைப்பைக்குள் சாதாரண எண்டோஸ்கோப் போகாது. உள்ளே புற்று வளர்ந்தால் தெரியாது. அதனால் டோக்கியோவின் கசமா, சிலீவையும் முன்சிறுகுடல் பைபாஸையும் சேர்த்து 2009இல் ஒரு முறையை வெளியிட்டார்: இரைப்பை கண்ணுக்கெட்டும் இடத்தில் இருக்கும், இனிப்புநீருக்குக் குடல் திருப்பமும் கிடைக்கும். 2012இல் அதே அறுவையின் இந்திய முடிவுகளைக் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையிலிருந்து பிரவீண் ராஜும் பழனிவேலுவும் எழுதினார்கள். அந்த மருத்துவமனையை நிறுவிய சி. பழனிவேலு, இந்தியாவில் துளை வழி அறுவையை வளர்த்தவர்களில் முன்வரிசை ஆள். சிறுவயதில் குடும்பத்தோடு மலேசியாவுக்கு வந்து கூலிவேலை பார்த்து, பிறகு தமிழ்நாடு திரும்பிப் படித்தவர் அவர். நம் தோட்டங்களில் அந்த வயதில் வாளி தூக்கிய எத்தனை பையன்களுக்குத் திரும்பிப்போய்ப் படிக்க ஓர் ஊர் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

புற்றுநோய்க் கணக்கில் நமக்கு ஒரு விசித்திரம். இரைப்பைப் புண்ணுக்கும் புற்றுக்கும் காரணமாகும் எச். பைலோரி கிருமி மலேசிய இந்தியர்களிடம் மிக அதிகம். ஆனால் இரைப்பைப் புற்று சீனர்களைவிட நமக்குக் குறைவு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியான் லீ இதை விரிவாக ஆராய்ந்தவர். குறைவு என்பதற்காகக் கிருமியை வயிற்றில் விட்டுவைத்து அறுவைக்குப் போகக்கூடாது. சோதித்து, மருந்து கொடுத்து அழித்துவிட்டுப் போவதே நல்லது.

சிலீவ் செய்து சில ஆண்டு கழித்து நெஞ்செரிச்சல் தாங்காமலோ, எடை திரும்ப ஏறியோ வருகிறவர்களுக்கு இன்று என்ன செய்கிறார்கள் தெரியுமா? அதைப் பைபாஸாக மாற்றுகிறார்கள். காக்னே காலத்தில் ‘வேண்டாம்’ என்று விட்ட இரண்டாம் பாதியை, பத்து ஆண்டு தள்ளி, வேறு கையால் முடிக்கிறார்கள். ஆகவே சிலீவ் கேட்டுப் போகிறவர் முதலில் எண்டோஸ்கோப் செய்யச்சொல்லிக் கேட்கவேண்டும். இரவில் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறதா, தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்காவிட்டால் நாமே சொல்லவேண்டும். ஏற்கெனவே எதுக்களிப்பு உள்ளவருக்குச் சிலீவ் பெரும்பாலும் ஏற்றதல்ல. இனிப்புநீர் பல காலமாகி இன்சுலினில் இருப்பவர், எந்த அறுவையானாலும் மருந்து முழுதாக நிற்கும் என்று எண்ணிப் போகக்கூடாது. பிள்ளை பெறும் எண்ணமுள்ள பெண்கள் அறுவைக்குப் பிறகு ஓராண்டு ஒன்றரை ஆண்டாவது தள்ளிப்போடவேண்டும். எதைச் செய்தாலும் வைட்டமின் மாத்திரையும் ஆண்டுதோறும் இரத்தச் சோதனையும் ஆயுள் முழுக்க உண்டு. அறுவைக்கு ஆகும் ரிங்கிட்டைக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்தே போடவேண்டும்.